தண்ணீர் இறங்கிய பின் மீன் நிற்கும் இடம்

தம்பி,

சனிக்கிழமைப் பள்ளியில் படித்த தமிழை வைத்து நீ இதை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். அது நல்லது. வேகமாக வாசிக்கும் பிள்ளைகள் தாய்மாரின் கடிதத்தில் தங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவார்கள். நான் எழுதப்போவது, இலையுதிர்காலத்தில் அணைக்கட்டு ஏரியில் பாஸ் மீன் எங்கே நிற்கும், அதற்கு என்ன இரை போட வேண்டும் என்பதைப் பற்றி. மாதக் கடைசியில் நீ மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கல்கரிக்குக் குடிபோகிறாய். புறப்படும் மகனுக்கு எழுத இதைவிட நல்ல விஷயங்கள் இருக்கின்றன என்று அப்பாவின் தங்கை, உன் மாமி, சொல்வார். இருக்கலாம். ஆனால் உனக்கு நான் சொல்ல வேண்டிய ஒன்று இந்த மீனோடுதான் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. வேறு எந்த வழியாலும் அதைச் சொல்ல முடியாமல் ஒரு வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம் சித்திரையில் அப்பா போனார். கோடை தொடங்கியதும், அப்பாவோடு இருபது வருடமாக மீன் பிடித்த குணம் அண்ணை, அவருடைய தூண்டில் தடிகளை வாங்கிப்போகலாமா என்று கேட்டு அஜின்கோர்ட் வீட்டுக்கு வந்தார். கராஜைத் திறந்து காட்டினேன். தடிகள் சுவரில் சாய்ந்து நின்றன. அவற்றைக் கொடுத்துவிட்டால் அந்தச் சுவரில் என்ன இருக்கும் என்று யோசித்தேன். "தடியோடை நானும் வாறன் அண்ணை," என்றேன். அவருடைய முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். காரை வாங்க வந்தவனிடம் ஆச்சியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போ என்று சொன்னால் எப்படி முழிப்பானோ, அப்படி முழித்தார். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு இந்த மாகாணத்தில் மீன் பிடிக்க அனுமதிச்சீட்டு வாங்கத் தேவையில்லை. முதுமையில் அரசாங்கம் நம்மை நம்பி ஒப்படைப்பது மீன்களை மட்டும்தான்.

சொந்தக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. அப்பாவின் அஸ்தியை விட்டதும் நாங்கள் மீன் பிடிக்கப் போகும் அதே ஏரியில்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். உன் மாமி யூனியன்வில்லிலிருந்து புறப்பட்டு வந்து சமையலறையில் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டார்.

"மச்சாள், அண்ணையைக் கரைச்ச தண்ணியிலை தூண்டில் போடுறது சரியே? அந்த மீன் எதைத் திண்டு வளந்தது எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாத்தியளே?"

"யோசிச்சனான். அதுதான் பிடிச்சதை எல்லாம் திருப்பி விட்டிடுறன்."

"விடுறதுக்கெண்டால் பேந்து ஏன் பிடிக்கிறியள்?"

நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். ஆனால் அவர் பயந்ததைப்போல அந்த மீன்கள் எதையும் தின்னவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் மீன். புரட்டாதியில் இரவுகள் குளிரத் தொடங்கும்போது, பொடி மீன்கள் கூட்டமாக ஏரியின் ஆழம் குறைந்த முனைகளுக்கு ஏறும். பாஸ் அவற்றின் பின்னாலேயே வரும். பனிக்காலம் வருகிறது என்று அதற்குத் தெரியும். கலியாணப் பந்தியில் கடைசி வரிசைக்குக் காத்திருந்தவனைப்போலச் சாப்பிடும். அந்த நாட்களில் இரை வேகமாக ஓட வேண்டும். அப்பா இரைகள் வைத்திருந்த மீன்பெட்டியில் மேல்தட்டில் இருப்பவை ஸ்பின்னர்பெயிற்; இழுக்கும்போது சிறு தகடு சுழன்று மினுங்கும். முகில் மூடிக் காற்றடிக்கும் நாளில் வெள்ளை நிறத்தைப் போடு. மழை பெய்து தண்ணீர் கலங்கியிருந்தால் கண்ணைக் குத்தும் பச்சை மஞ்சளைப் போடு. அதற்கு அடுத்த தட்டில் கிராங்க்பெயிற்; வாயில் ஒரு தட்டை நாக்கு வைத்த பொய் மீன். இழுத்தால் கீழே முக்குளித்து, கல்லில் முட்டி முட்டி வரும். முட்டுகிறதே என்று பயந்து நிறுத்தாதே. முட்டும்போதுதான் மீன் கடிக்கும். குளிர்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் வானம் நீலமாக, வெயில் அழகாக இருக்கும். அன்றைக்குப் போகாதே. மீனுக்கு அழகான நாள் பிடிக்காது.

உன்னிடம் இதையெல்லாம் சொல்வது எவ்வளவு அபத்தம் என்று எனக்குத் தெரியும். உன்னை அப்பா ஒரே ஒரு தடவைதான் மீன் பிடிக்கக் கூட்டிப்போனார். நீ நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ. உன் தூண்டிலில் ஒரு சின்ன பாஸ் வந்தது. அப்பா அதன் உதட்டிலிருந்து முள்ளைக் கழற்றும்போது நீ அழத் தொடங்கி, வீடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை. "உவன் மீனுக்கும் சரிவரான், தண்ணிக்கும் சரிவரான்," என்று அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார். நீ அழுதது மீனுக்காக. தன்னைக் கண்டு அழுததாக அவர் எடுத்துக்கொண்டார். அதன்பிறகு உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சண்டைகூட நடக்கவில்லை. சண்டை பிடிக்கும் அளவுக்கு நெருக்கம் இருக்கவில்லை. காருக்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்பதை அவர் என்னிடம் சொல்வார், நான் உன்னிடம் சொல்வேன். மாற்றியாயிற்று என்று நீ என்னிடம் சொல்வாய். ஐ.நா. சபையில்கூட இவ்வளவு ஒழுங்காக மொழிபெயர்ப்பு நடக்காது.

அதனால்தான் அந்த வைகாசி நாளை நான் மறக்கவில்லை. அப்பாவின் அஸ்தியைக் கரைக்க ஓடுகிற ஆறு வேண்டும், அது கடலில் சேர வேண்டும் என்று ஐயர் சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. எங்களுக்குக் கடல் தெரியும், கிணறு தெரியும். நீளமாகக் கிடந்து காற்றில் அசையும் தண்ணீரை எல்லாம் நாங்கள் ஆறு என்று நம்பிவிடுவோம். "அண்ணைக்குப் பிடிச்ச ஆறு ஒண்டு இருக்கு," என்று மாமி சொன்னார். அது ஆற்றை மறித்துக் கட்டிய ஏரி என்று குணம் அண்ணைக்குத் தெரியும். செத்த வீட்டில் யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நீ 401 நெடுஞ்சாலையில் கார் ஓட்டினாய். வேட்டிக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட ஐயர், இன்னொரு வீட்டுக்குப் போக நேரமாகிறது என்று மந்திரத்தை விரைவாகச் சொன்னார். தகனம் செய்த இடத்தில் தந்த பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததை மண்பானைக்குள் வைத்து, வெள்ளைத்துணியால் வாய் கட்டி உன் தோளில் ஏற்றினோம். பனி உருகிய தண்ணீர். நீச்சல் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை நீ. அன்றைக்கு யாரும் கேட்காமலே இடுப்பளவுக்கு இறங்கினாய். பல் கிடுகிடுத்து உன் தாடை ஆடியது கரையிலிருந்தே தெரிந்தது.

"கட்டோடை பின்பக்கமா விடுங்கோ தம்பி. விட்டிட்டுத் திரும்பிப் பாக்காமல் வாங்கோ," என்றார் ஐயர்.

நீ விட்டாய். திரும்பிப் பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது வழக்கம். எங்கள் ஆட்கள் வேறு எந்த வழக்கத்தைக் கைவிட்டாலும், பார்க்காமல் இருக்கும் வழக்கத்தைக் கைவிட மாட்டார்கள். திரும்பி வரும்போது காரில் சூடு போட்டும் உனக்கு நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் உன் முகம் தெளிந்திருந்தது. "ஐ டிட் மை பார்ட், அம்மா," என்றாய். "அப்பாக்கு நான் சரியாச் செய்த ஒரே விசயம் இதுதான்." பிறகு வழியில் நிறுத்தி கோப்பி வாங்கி, அதில் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு அழுதாய். அவருக்காக நீ அழுததை நான் முதன்முதலில் கண்டது அப்போதுதான்.

இனி மீண்டும் மீன். ஐப்பசியில் ஒரு வாரம் ஏரி புரளும். கோடை முழுவதும் மேலே கிடந்த சூட்டுத் தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே போக, அடியில் கிடந்தது மேலே வரும். நிறம் மாறும், அழுகல் மணக்கும். "ஏரி வயித்தைக் குழப்பிக்கொண்டு நிக்குது தங்கச்சி, ஒண்டும் திண்ணாது," என்பார் குணம் அண்ணை. அந்த வாரம் எந்த இரையும் சரிவராது; வீட்டில் இருந்து புத்தகம் வாசி. ஏரி தெளிந்தபின் இன்னொன்று நடக்கும். அடுத்த வருடம் பனி உருகி வரும் வெள்ளத்துக்கு இடம் வேண்டும் என்று அணையின் கதவைத் திறந்து தண்ணீரை மெல்ல மெல்ல இறக்குவார்கள். கோடையில் ஆள் மூழ்கும் இடம் சேற்றுத் தரையாகிவிடும். பழைய கார் ரயர், கடைத் தள்ளுவண்டி, ஒற்றைச் செருப்பு எல்லாம் வெளியே வந்து வெயில் காயும்.

போன வருடம் அப்படியொரு நாளில்தான் நானும் குணம் அண்ணையும் அங்கே நின்றோம். நான் கிராங்க்பெயிற்றைக் கரையோரமாக எறிந்து இழுத்தேன். எங்கோ பிடித்துக்கொண்டது.

"மாட்டிட்டுது அண்ணை."

"மீனோ?"

"அசையுதில்லை."

"அப்ப கட்டைதான். இழுக்காதேங்கோ, தங்கூசி அறுந்தால் நல்ல இரை போயிடும். நடந்து போய்க் கழட்டுவம்."

தங்கூசி நூலைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்துபோனோம். கணுக்கால் தண்ணீர். முதலில் மண்பானையின் ஓடுகள் தெரிந்தன. அவற்றின் நடுவில் தடித்த பிளாஸ்டிக் பை ஒன்று, வாய் இறுக்கிக் கட்டியபடி. கட்டில் சின்ன உலோக வில்லை, அதில் இலக்கம். தகனம் செய்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டு வாங்கியபோது பார்த்த அதே வில்லை. என் இரையின் முள் ஒன்று பையின் மூலையில் ஏறியிருந்தது.

பெட்டிக்குள் அஸ்தியைப் பையில் போட்டுத்தான் தந்திருக்கிறார்கள், தம்பி. நாங்கள் அந்தப் பையை அப்படியே பானைக்குள் வைத்து, பானையை அப்படியே உன் தோளில் வைத்தோம். ஐயர் திறக்கச் சொல்லவில்லை. மாமி திறக்கவில்லை. நான் திறக்கவில்லை. உன் அப்பா ஆற்றில் கரையவில்லை. கடலுக்குப் போகவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், வாங்கிய மறுநாளே திருப்பிக் கொடுக்கும் சாமான்போல, கோடை முழுவதும் இடுப்பளவு ஆழத்தில் கிடந்திருக்கிறார்.

குணம் அண்ணை தொப்பியைக் கழற்றினார். "அவன் தானோ?"

"ஓம்."

குனிந்து பையிலிருந்து முள்ளைக் கழற்றினார். பிறகு சொன்னார்: "இந்தக் கரையிலை நிண்டு அவனைப் பற்றி நான் எவ்வளவு புறணி சொல்லியிருப்பன். எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான், அறுவான்." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். சிரிப்பு முடிந்த இடத்தில் சேற்றிலேயே குந்திவிட்டேன். அவர்தான் என்னைத் தூக்கி விட்டார்.

அங்கேயே பையை வெட்டி விட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். கணுக்கால் தண்ணீரில், சேற்றில், ரயருக்குப் பக்கத்தில் விட எனக்கு மனம் வரவில்லை. அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பார்கள். ஆகவே கராஜில், அவருடைய மீன்பெட்டியின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். கராஜ் வீட்டுக்குள் சேருமா சேராதா என்று ஐயரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார். முள் குத்திய துளைக்கு, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் ஒன்று ஒட்டியிருக்கிறேன். வேறொன்றும் கைக்கு அகப்படவில்லை.

உனக்குச் சொல்லாமல் இருக்கக் காரணங்களுக்குக் குறைவிருக்கவில்லை. அப்போது உன் மனைவி வயிற்றில் பிள்ளை. கணவன் இப்படியான காரியங்களில் கை வைக்கக் கூடாது. பிறகு பிள்ளை பிறந்தது, துடக்குத் தீட்டு. பிறகு அஜக்ஸில் உன் வீட்டை விற்கிற அலைச்சல். உண்மைக் காரணம் இவற்றில் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு நீ சரியாகச் செய்த ஒரே விஷயம் என்று நீ நம்பிக்கொண்டிருப்பது சரியாக நடக்கவில்லை என்பதை உன்னிடம் எந்த வாயால் சொல்வது? போன கிழமை துணிந்து தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, அப்பான்ரை விசயம் ஒண்டு..."

"அம்மா, தடியள் எல்லாத்தையும் யாருக்காவது குடுங்கோ. எனக்கு வேண்டாம். நான் அங்கை போகமாட்டன். இட்ஸ் டன்."

"டன் இல்லை ராசா," என்றேன். அதற்குள் குழந்தை அழுதது; நீ பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டாய். பிறகு எடுக்கவில்லை. தொலைபேசியைப்போலக் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது என்பதால் எழுதுகிறேன். இதைப் பத்திரிகையில் ஊரறிய எழுதுவதற்குக் காரணம் வேறு. இந்த நகரத்தில் எங்களைப்போல எத்தனை குடும்பங்கள் பானையைக் கட்டோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்திருக்கின்றனவோ தெரியாது. வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் பையைத் திறவுங்கள். மந்திரம் பிறகு சொல்லலாம்.

இப்போது நீ கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி. தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் பாஸ் மீன் மேட்டுத் தரையில் நிற்காது. கதவு திறந்தால் எங்கே வறளும், எங்கே வறளாது என்பது அதற்குத் தெரியும். எல்லாம் ஒரே இடத்துக்கு இறங்கும்: அணை கட்டுவதற்கு முன் ஓடிய பழைய ஆற்றின் தடத்துக்கு. ஏரிக்கு அடியில் அந்த ஆறு இன்னும் கிடக்கிறது. கோடையில் நாம் பார்ப்பது அதன் மேல் நிறுத்தி வைத்த தண்ணீரை மட்டும். நீ பானை விட்ட இடத்திலிருந்து இடப்பக்கமாக நடந்தால் ஒரு கல் முனை ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் தண்ணீர் சேற்று நிறம், மறுபக்கம் கறுப்பு. கறுப்புத்தான் ஆறு. கதவு திறந்திருக்கும் இந்த நாட்களில் மட்டும் அது உண்மையாக ஓடுகிறது. ஒரு இலையைப் போட்டுப் பார்த்தேன். அணையை நோக்கிப் போனது. அணைக்கு அங்கால் ஆறு, ஆற்றுக்கு அங்கால் பெரிய ஏரி, அதற்கும் அங்கால் கடல். ஐயர் சொன்னது பிழையில்லை. நாங்கள் பிழையான மாதத்தில், பிழையான பக்கத்தில் இறங்கிவிட்டோம்.

அங்கே வேகமான இரை உதவாது. குளிர்ந்த தண்ணீரில் மீன் ஓடிப்பிடிக்காது. அப்பாவின் பெட்டியில் மூன்றாம் தட்டில் ஜிக் இருக்கிறது: ஈயத் தலை, ஒற்றை முள், நண்டு நிறத்தில் குஞ்சம். அதை ஆற்றின் விளிம்பில் போட்டு, அடி தொடும்வரை விட்டு, ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும். "நீ ஆட்டாதை. தண்ணி ஆட்டும்," என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொள்வாராம், குணம் அண்ணை சொன்னார். ஐப்பசிக் கடைசியில் கடி என்பது இழுப்பு அல்ல. ஒரு பாரம் மட்டும் தெரியும், ஈரத்துணி தொங்குவதைப்போல. கட்டை என்று நினைத்து அறுத்துவிடாதே. இந்த மாதத்தில் வருவது எல்லாம் முதலில் கட்டை மாதிரித்தான் இருக்கும்.

உன்னை மீன் பிடிக்கச் சொல்லவில்லை. உனக்கு முள் பிடிக்காது. உன் மகனுக்கும் பிடிக்காமல் போகட்டும். வருகிற சனிக்கிழமை காலையில் அந்தக் கல் முனைக்கு வா என்று மட்டும் கேட்கிறேன். ஐயர் இல்லை, மாமி இல்லை. குணம் அண்ணை காரிலேயே இருப்பார். அன்றைக்கு நீ செய்தது வீணில்லை. தண்ணீருக்குப் பயந்த பிள்ளை தகப்பனுக்காக இடுப்பளவு இறங்கியது நடந்ததுதான். அதை எந்தப் பிளாஸ்டிக்கும் இல்லாமல் ஆக்காது. மிச்சம் இருப்பது ஒரு வெட்டு. இந்தமுறை திரும்பிப் பார். கறுப்புத் தண்ணீரில் அவர் போவதை நின்று பார்.

நீ வராவிட்டால் நான் வெட்ட மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, அது உன் கை செய்ய வேண்டியது. கதவை மூடுவார்கள், ஏரி உறையும், அப்பா மீன்பெட்டியின் அடித்தட்டில் கிடப்பார், நீ கல்கரியில் இருப்பாய். எனக்கும் வயது போகிறது. அப்போது ஒருநாள் நீ விமானம் ஏறி வரத்தான் வேண்டியிருக்கும், வெட்டுவதற்கு இரண்டு பைகள் இருக்கும்.

கல் முனையில் சறுக்கும். பழைய சப்பாத்தோடு வா, மாற்றுக் காலுறை ஒரு சோடி கொண்டு வா. கத்தரிக்கோல் என்னிடம் இருக்கிறது.

அம்மா